மாடுலர் ஃபில்டரில் ஒலியை வடிவமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனித்தனி மாடுல்களைக் கம்பிகளால் இணைத்து ஒலி உண்டாக்கும் மாடுலர் சிந்தசைசரில் கைவைக்கத் தொடங்கிய பலர், தாங்கள் கேட்க நினைத்த ஒலி வராதபோது, ஒலியின் சில அதிர்வெண்களை வெட்டும் ஃபில்டர் சரியில்லை என்று முடிவுகட்டி அடுத்த ஃபில்டரை விலை விசாரிக்கப் போய்விடுகிறார்கள். என் பார்வையில், குறை பெரும்பாலும் அந்த மாடுலில் இருப்பதில்லை. அதற்குள் எத்தனை வோல்ட், எந்த ஜாக் வழியாகப் போகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டதில்தான் இருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் கட்ஆஃப், அதாவது ஃபில்டர் வெட்டத் தொடங்கும் அதிர்வெண். ஜெர்மானிய வடிவமைப்பாளர் டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் தொடங்கிவைத்த யூரோராக் என்ற மாடுலர் முறையில், 1 வோல்ட்டுக்கு 1 ஆக்டேவ் என்பது பொதுவான கணக்கு. அதாவது ஒரு வோல்ட் கூடும் ஒவ்வொரு முறையும் கட்ஆஃப் அதிர்வெண் இரட்டிப்பாகிறது. குமிழை 400 ஹெர்ட்ஸில் நிறுத்திவிட்டு, 8 வோல்ட் வரை எழுந்து இறங்கும் கட்டுப்பாட்டு மின்னழுத்தமான என்வலப்பை, அளவைக் குறைக்கும் குமிழான அட்டனுவேட்டர் இல்லாத ஜாக்கில் அப்படியே செருகினால், கணக்குப்படி கட்ஆஃப் 1,00,000 ஹெர்ட்ஸைத் தாண்ட வேண்டும். மனிதக் காதின் எல்லையோ சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அது ஐந்தரை வோல்ட்டைச் சற்றுத் தாண்டியதுமே வந்துவிடுகிறது. மேலே உள்ள இரண்டேகால் வோல்ட்டுக்கும் அதிகமான தூரத்தை என்வலப் இறங்கிக் கடக்கும்வரை காதுக்கு எந்த மாற்றமும் தெரியாது, பிறகு ஒலி திடீரென்று சரியும். என்வலப் இறங்கும் நேரத்தை மாற்றும் டிகே குமிழை எவ்வளவு திருகினாலும் இந்த மந்தம் போகாது. என்வலப்பை அட்டனுவேட்டர் வழியாக அனுப்பி, இரண்டு அல்லது மூன்று வோல்ட்டுக்குள் அடக்கினாலே, அதே ஃபில்டர் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் தெளிவாகச் செதுக்கத் தொடங்கும். சில ஃபில்டர்களில் ஒரு ஜாக்குக்கு மட்டும் அட்டனுவேட்டர் இருக்காது. அது சுருதியைப் பின்தொடர்வதற்காக ஒதுக்கப்பட்ட ஜாக் என்பதால், என்வலப்பைக் குமிழ் உள்ள ஜாக்கில் செருகுவதே முறை.

அடுத்த தவறு, கட்ஆஃப் அருகே ஒலியைக் கூர்மையாக்கும் ரெசொனன்ஸை ஏற்றியதும் பேஸ் காணாமல் போகும்போது நிகழ்கிறது. சிந்தசைசர் முன்னோடி ராபர்ட் மூக் 1960களில் வடிவமைத்த டிரான்சிஸ்டர் ஏணி ஃபில்டரும் அதன் வழிவந்த பலவும், ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்ற சரிவில் வெட்டுபவை. இவற்றில் ரெசொனன்ஸ் என்பது வெளியீட்டின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளீட்டோடு மீண்டும் சேர்ப்பதால் உருவாகிறது. கட்ஆஃப் அருகே அந்தச் சேர்க்கை ஒலியை உயர்த்துகிறது. அதற்கு வெகு கீழே உள்ள அதிர்வெண்களிலோ அதே சேர்க்கை ஒலியைக் கழித்துவிடுகிறது. ஃபில்டர் தானாக ஒலிக்கத் தொடங்கும் நிலையை எட்டும்போது, ஈடுசெய்யும் சர்க்யூட் இல்லாத ஏணியில் பேஸ் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக, அதாவது 14 டெசிபல் அளவுக்கு, இறங்கியிருக்கும். இதைப் பார்த்துவிட்டுப் பின்னால் ஈக்வலைசர் வைத்துப் பேஸைத் தூக்குவது சுற்றுவழி. மூல அலையைத் தரும் ஆசிலேட்டரின் ஒரு ஆக்டேவ் கீழான சைன் அலையை ஃபில்டரைத் தொடாமல் நேராக மிக்சருக்கு அனுப்பினால் அடித்தளம் அசையாமல் நிற்கும். மேலே ரெசொனன்ஸ் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம். மாறாக, அந்த மெலிவையே விரும்புகிறவர்களும் உண்டு, அது அவரவர் ரசனை.

உள்ளே எதை அனுப்புகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். சைன் அலையில் அடிப்படை அதிர்வெண் தவிர வேறொன்றும் இல்லாததால், கட்ஆஃபுக்கு மேலுள்ளவற்றை வெட்டும் லோபாஸ் ஃபில்டரால் அதன் சத்தத்தைக் குறைக்க மட்டுமே முடியும், நிறத்தை மாற்ற முடியாது. ரம்பப்பல் அலையிலும் இரைச்சலிலும்தான் அதற்கு வேலை இருக்கிறது. அளவும் முக்கியம்: ஆசிலேட்டரின் முழு 10 வோல்ட் வீச்சையும் எப்போதும் அப்படியே கொடுத்தால், பல ஃபில்டர்கள் உள்ளுக்குள் நசுங்கி ரெசொனன்ஸின் கூர்மையை விழுங்கிவிடும். உள்ளீட்டைப் பாதியாகக் குறைத்துக் கேட்டால் அதே ஃபில்டர் வேறொரு கருவி போல ஒலிக்கும்.

ஃபில்டரையே தாளக் கருவியாக்க விரும்புகிறவர்கள், அது தானாக ஒலிக்கத் தொடங்கும் எல்லைக்குச் சற்று முன்பாக ரெசொனன்ஸை நிறுத்திவிட்டு, ஆடியோ உள்ளீட்டில் டிரிகர் என்ற குறுகிய மின்துடிப்பைத் தட்டுகிறார்கள். இங்கே கேட் (gate) என்ற நீண்ட மின்துடிப்பைச் செருகுவது பலர் செய்யும் பிழை. கேட் எழும்போது ஒரு தட்டு, அது விழும்போது இன்னொரு தட்டு என்று ஒவ்வொரு அடியும் இரட்டையாகக் கேட்கும். லோபாஸ் வெளியீட்டில் கேட்டின் நிலையான வோல்ட்டும் ஊடுருவி வருவதால் கூடவே ஒரு ‘டொப்’ ஒலியும் ஒட்டிக்கொள்ளும். சில மில்லிவினாடி மட்டுமே நீளும் டிரிகரும், கட்ஆஃப் அருகிலுள்ளதை மட்டும் விடும் பேண்ட்பாஸ் வெளியீடும் சேர்ந்தால் மரக்கட்டையைத் தட்டியது போன்ற சுத்தமான ஒலி கிடைக்கும். கட்ஆஃபைச் சற்று இறக்கினால் அது மத்தளத்தின் பக்கம் சாயும்.

தானாக ஒலிக்கும் ஃபில்டரை ஆசிலேட்டராக நம்பி மெட்டு வாசிப்பதிலும் நிதானம் வேண்டும். சில ஃபில்டர்கள் நான்கைந்து ஆக்டேவ் வரை சுருதியைத் தாங்கும், சில இரண்டுக்குள்ளேயே விலகிவிடும். மின்சாரம் போட்டு அரைமணி நேரமாவது சூடேறிய பிறகு சுருதி சேர்ப்பது நல்லது. அதே கட்ஆஃபை இன்னொரு ஆசிலேட்டரால் காதுக்குக் கேட்கும் அதிர்வெண்ணில் அசைத்தால், அசைவு கூடக் கூடச் சுருதி மேலே நகர்வதாகக் கேட்கும். வோல்ட்டுக்கு ஒரு ஆக்டேவ் என்று இரட்டிப்பாகும் எக்ஸ்பொனென்ஷியல் கட்டுப்பாட்டில் அது இயல்பே தவிர மாடுலின் கோளாறு அல்ல. மணியோசையும் உலோக ஒலியும் வேண்டுமானால் அந்த நகர்வை ஏற்றுக்கொண்டு, அட்டனுவேட்டரைக் கால்வாசிக்குள் வைத்து மெல்ல ஏற்றிப் பார்க்கலாம்.

இத்தனையும் செய்யும்போது ஹெட்ஃபோனை நேராக ஃபில்டரின் வெளியீட்டில் செருகக் கூடாது. யூரோராக்கின் ஒலி அளவு மற்ற ஆடியோ கருவிகளின் சாதாரண லைன் அளவைவிடப் பல மடங்கு பெரியது, ரெசொனன்ஸ் எல்லை தாண்டும் கணத்தில் அது முன்னறிவிப்பின்றி இன்னும் எகிறும். இடையில் அளவைக் குறைக்கும் ஒரு அவுட்புட் மாடுலை வைத்து, அதன் குமிழைப் பூஜ்யத்திலிருந்து ஏற்ற வேண்டும்.