மூன்றாம் நாள் ஊசி: சளிக்காய்ச்சலில் புதிய மருத்துவர்கள் செய்யும் தவறுகள்

மார்த்தாண்டத்துக்கு வடக்கே போனால் ரப்பர்த் தோட்டம், தெற்கே போனால் கடல். இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து போகிற ஒரு சின்ன கிளினிக்கில் இருபது வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழையோடு தடிமனும் பனியும் வந்துவிடும். இங்கே சளிக்குத் தடிமன், காய்ச்சலுக்குப் பனி என்றுதான் பேர். என்னோடு வேலை பழக வரும் இளம் மருத்துவர்கள் அந்த நாட்களில் செய்கிற தவறுகளைப் பார்க்கிறேன். எல்லாம் நான் செய்தவைதான். மாஸ்க் போடாதது, கை கழுவாதது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டாம், அதை விட்டுவிடுகிறேன்.

அழற்சியையே நோய் என்று நினைப்பது

மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் முளைக்கின்றன. வைரஸ் முதலில் இறங்குவது மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் இவற்றின் உள்தோல் செல்களில். வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவை மோப்பம் பிடிக்கிற உணரிகள் அந்த செல்லுக்குள்ளேயே இருக்கின்றன. அவை உசும்பியதும் செல் இன்டர்ஃபெரான் என்கிற எச்சரிக்கைப் புரதத்தை வெளியே விடுகிறது. 1957-ல் ஐசக்ஸும் லின்டன்மானும் கண்டுபிடித்த பொருள் இது. பக்கத்து செல்கள் அதை வாங்கிக்கொண்டு, வைரஸ் உள்ளே பெருக முடியாதபடி தங்களைத் தயார்செய்துகொள்கின்றன. கூடவே ஐஎல்-6, டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்கள், அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைப் புரதங்கள், ரத்தத்தில் கலந்து, மூளையைக் கொண்டு காய்ச்சலை ஏற்றுகின்றன, அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் சிஆர்பி என்ற புரதத்தைக் கல்லீரலைத் தயாரிக்க வைக்கின்றன, நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. அந்த வைரஸுக்கென்றே பழகிய டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் நுரையீரலுக்குப் போதுமான அளவில் வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை நோயாளி படுகிற உடம்புவலியும் சோர்வும் பெரும்பாலும் இந்த வேலை, அதாவது அழற்சி, நடப்பதால் வருவது.

நிறுத்துகிற ஏற்பாடும் உடம்பிலேயே இருக்கிறது. ஐஎல்-6 ஏறினால் மூளை அட்ரினல் சுரப்பியைத் தட்டி, அழற்சியை அடக்கும் ஹார்மோனான கார்டிசோலைச் சுரக்க வைக்கும். செல்லுக்குள்ளேயே சைட்டோகைன் சமிக்ஞையை மட்டுப்படுத்தும் புரதங்கள் உருவாகும். ஒழுங்குபடுத்தும் டி செல்கள் அழற்சியைத் தணிக்கும் ஐஎல்-10 விடும். வேலை முடித்துச் செத்த நியூட்ரோஃபில்களை மேக்ரோஃபேஜ் என்கிற துப்புரவு செல் விழுங்குகிறது, விழுங்கிய பிறகு அதுவே குணம் மாறி அழற்சியை அடக்கி, புண்ணை ஆற்றுகிற பொருட்களை விட ஆரம்பிக்கிறது. நாஞ்சில் நாட்டில் குளத்து மடையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கடைமடை வயல் நனையும் முன்னே அடைத்தால் பயிர் காயும், அடைக்காமலே விட்டால் அழுகும்.

மூன்றாம் நாள் டெக்ஸா

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

நான் வேலைக்கு வந்த புதிதில் ரப்பர்ப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் வந்தார். ஐம்பது வயதைத் தொட்டவர், சர்க்கரை உண்டு, காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள். "சாரே, ஒரு ஊசி போட்டு விடுங்க, நாளைக்கு வெட்டுக்குப் போவணும்" என்றார். போட்டேன், டெக்ஸாமெத்தாசோன், டெக்ஸா என்று சுருக்கிச் சொல்கிற ஸ்டீராய்டு. சாயங்காலமே பனி விட்டுவிட்டது, மறுநாள் விடியும் முன்னே தலையில் லைட் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். எனக்கும் நல்ல பேர். ஐந்து நாள் கழித்து அவரை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், விரலில் ஆக்சிமீட்டர் ரத்த ஆக்சிஜன் 84 சதவீதம்தான் என்று காட்டியது, சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. நாகர்கோவிலுக்கு அனுப்பினேன், பிழைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது அவர் என் கையைப் பிடித்து, "நீங்க முதல்ல போட்ட ஊசியாலதான் தாக்குப்பிடிச்சேன்" என்றார். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன், இன்னும் மறக்கவில்லை. அந்த ஊசி போடாமல் இருந்தாலும் அவருக்கு நிமோனியா வந்திருக்கலாம். ஆனால் கவனிக்க வேண்டிய நாட்களில் அவர் உடம்பு சொல்ல வந்ததை நான் வாய்பொத்தி வைத்தேன், சர்க்கரையையும் ஏற்றிவிட்டேன். அதை மறுக்க முடியாது.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது? கார்டிசோல் செய்கிற அதே வேலையை, பல மடங்கு பலத்தோடு, உடம்பு கேட்காத நேரத்தில் செய்கிறது. சைட்டோகைன் உற்பத்தி குறையும், காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், நோயாளிக்குத் தெம்பு வந்ததுபோல் இருக்கும். வைரஸை அது ஒன்றும் செய்யாது. வைரஸ் மும்முரமாகப் பெருகுகிற முதல் சில நாளில் இன்டர்ஃபெரானின் கையையும் வந்து சேர வேண்டிய டி செல்களின் கையையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம்.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது, புதியவர்கள் அநேகமாக எல்லோருமே இதில் விழுகிறார்கள். ஸ்டீராய்டு போட்டால் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்கள் உதிர்ந்து ரத்தத்தில் கலக்கும், லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளணு குறையும். மறுநாள் ரத்தம் எடுத்தால் வெள்ளணு எண்ணிக்கை ஏறியிருக்கும். உடனே "பாக்டீரியா சேர்ந்துடுச்சு சார்" என்று ஒரு ஆன்டிபயாட்டிக்கை எழுதுவார்கள். தான் போட்ட ஊசியின் விளைவுக்குத் தானே வைத்தியம் பார்ப்பது அது.

அப்படியானால் கோவிட்டில் டெக்ஸா உயிர் காத்ததே என்று கேட்பார்கள். காத்தது, யாருக்கு என்று பாருங்கள். 2020-ல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 41.4 சதவீதம், டெக்ஸா சேர்த்தபோது 29.3. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2 இருந்தது 23.3 ஆனது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் 14 சதவீதம் இறந்த இடத்தில், டெக்ஸா வாங்கியவர்களில் 17.8 சதவீதம் இறந்தார்கள். புள்ளியியல்படி அந்தக் கடைசி வித்தியாசம் உறுதியானதில்லை, ஆனால் நன்மை என்பதற்கு அங்கே சாயல்கூட இல்லை. நோய் தொடங்கி ஒரு வாரம் கடந்தவர்களுக்கே பலன் தெரிந்தது. அதாவது வைரஸ் அடங்கி, அழற்சி அடங்காமல் நிற்கிற கட்டத்தில். அந்த ஆய்வின் முதல் பாதியை மட்டும் நம் ஊர்களில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 2021-ல் இந்தியா முழுக்கக் கறுப்புப் பூஞ்சை வந்தபோது அதில் கட்டுப்படாத சர்க்கரையும் அளவில்லாத ஸ்டீராய்டும் பெரும் காரணங்கள்.

போன மாதம் என்னிடம் வேலை பழகும் இளம் மருத்துவர், தம்பி ஒருவர், இதே ஊசியை ஒரு விசைப்படகுத் தொழிலாளிக்குப் போட்டார். காய்ச்சல் இரண்டாம் நாள், தேங்காப்பட்டணத்துக்காரர், மறுநாள் தங்குகடலுக்குப் போகிறவர். தங்குகடல் என்றால் நாள் கணக்கில் நடுக்கடலில். ஏழாம் நாள் மூச்சு வாங்கினால் கரை எங்கே இருக்கும்? நோயாளி கேட்டார், அதனால் போட்டேன் என்றார் தம்பி. போன் போட்டு அந்தத் தொழிலாளியைத் திரும்ப வரச்சொல்லி, படகுக்குப் போகாமல் தடுத்து, பாராசிட்டமாலும் ஆக்சிமீட்டரும் கையில் கொடுத்து அனுப்பினேன். கூலி போனதில் அவருக்கு வருத்தம், நியாயமான வருத்தம். அடுத்த நடைக்குத்தான் போனார், நன்றாகவே இருக்கிறார்.

பச்சைச் சளிக்கு ஆன்டிபயாட்டிக்

அந்தப் பச்சை நியூட்ரோஃபிலில் உள்ள ஒரு நொதியின் நிறம். வைரஸிலும் வரும்.

பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின்

கூடாது. ரெய் நோய்க்குறி என்று ஒன்று உண்டு, மூளையையும் கல்லீரலையும் சேர்த்து அடிக்கும்.

காய்ச்சல் விட்டதும் கணக்கை மூடுவது

ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை கவனியுங்கள். மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், நடந்தால் ஆக்சிஜன் இறங்குகிறதா என்பது. சிஆர்பியை இரண்டாம் நாளே பார்த்துப் பயப்படுவதைவிட இது பிரயோஜனம்.

எதிர்ப்புச் சக்தியை ஏற்றிவிடுவது

எதிர்ப்புச் சக்தி கூட ஏதாவது கொடுங்கள் என்று கேட்பவர்கள் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள், அதனால் கோபப்படாதீர்கள். ஆனால் கூட்டினால் மட்டும் நல்லது என்று இதில் ஒன்றும் இல்லை, தீவிர நிமோனியாவில் நுரையீரலைக் கெடுப்பதே அடங்காத எதிர்ப்புதான். சுக்குக்காப்பி குடிக்கட்டும், தொண்டைக்கு இதமாக இருக்கும். தடுப்பூசியைப் பற்றி அந்த நேரத்திலேயே பேசிவிடுங்கள்.

ஸ்டீராய்டு என்றாலே பயப்படுவது

மேலே நான் திட்டியதைக் கேட்டுவிட்டு இந்தப் பக்கம் சாய்கிறவர்களும் உண்டு. ஆக்சிஜன் இறங்கிய கோவிட் நோயாளிக்கு டெக்ஸாவைத் தள்ளிப்போடுவதும் தவறு. பிள்ளைக்குக் குரல்வளை வீங்கி நாய் குரைப்பது போல் இருமல் வந்தால் ஒரே ஒரு வேளை டெக்ஸாதான் மருந்து. ஆஸ்துமா இழுப்புக்கும் வேண்டும். நீண்ட காலமாக ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் காய்ச்சல் நேரத்தில் திடீரென்று நிறுத்தினால் உடம்பால் கார்டிசோல் சுரந்து ஈடுகட்ட முடியாது, ரத்த அழுத்தம் விழுந்துவிடும்.

என் பேச்சைக் கேட்டே ஆஸ்துமா உள்ள ஒரு பாட்டி தன் ஸ்டீராய்டு இன்ஹேலரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். "நீங்கதானே மக்களே ஸ்டீராய்டு ஆகாதுன்னு சொன்னிய" என்றார், இழுத்துக்கொண்டே. அவர் சொன்னது சரி, நான்தான் பாதி சொல்லி அனுப்பியிருந்தேன். அதற்குப் பிறகு ஆஸ்துமா உள்ள யார் வந்தாலும், சளிக்காய்ச்சலில் இன்ஹேலரை நிறுத்தக் கூடாது என்பதைச் சீட்டின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன், வாசிக்கத் தெரியாதவர் என்றால் கூட வந்தவரைக் கூப்பிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன்.