மைனிங் சிப்பின் சோதனை முடிவு வருவதற்குள் தயாராக வைத்திருக்க வேண்டிய கணக்குத் தாள்

பிட்காயின் மைனிங் (இயந்திரத்தில் கணக்குப் போட்டுப் பிட்காயின் ஈட்டுவது) சிப் செய்யும் நிறுவனங்களின் பங்கை வாங்கி வைத்துக்கொண்டு, "அடுத்த சிப்பின் டெஸ்ட் ரிசல்ட் எப்போது?" என்று காத்திருப்பவர்கள் சிங்கப்பூரில் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். காரணம் புரிகிறது. நாஸ்டாக்கில் வணிகமாகும் பிட்டியரின் தலைமையகம் இங்கேதான், கல்லாங் அவென்யூவில். இன்னொரு சிப் நிறுவனமான கனானும் தலைமையகத்தை இங்கே மாற்றிக்கொண்டது. நம்ம ஊர்க் கம்பெனி என்ற ஒட்டுதல் வந்துவிடுகிறது.

அறிவிப்புகள் பல நேரங்களில் நியூயார்க் சந்தை திறப்பதற்கு முன்பு வரும். சந்தை திறக்கும்போது நமக்கு இரவு 9.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 10.30. சாப்பிட்டு முடித்துக் கைப்பேசியை எடுக்கும் நேரம். அதில் ஒரு எண் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்ததும் விற்பதா வாங்குவதா என்று திணறாமல் இருக்க, முன்கூட்டியே ஒரு சின்னக் கணக்குத் தாள் போட்டு வைத்துக்கொள்கிறேன். அதை எப்படிப் போடுவது என்பதுதான் இந்தப் பதிவு.

ஹாஷ் (மைனிங் இயந்திரம் திரும்பத் திரும்பப் போடும் கணக்கு), டிஃபிகல்ட்டி (அந்தப் போட்டியில் வெல்வது எவ்வளவு கடினம் என்ற அளவு) இரண்டும் தெரிந்தால் போதும். எந்தப் பங்கை வாங்கலாம் என்று இங்கே சொல்லப்போவதில்லை.

படி 1: செய்தி எந்த நிலையைப் பற்றியது என்று பாருங்கள்

"டேப்-அவுட் முடிந்தது" என்று வந்தால், வடிவமைப்பை முடித்து உற்பத்தி ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று மட்டுமே பொருள். கையில் சிப் இல்லை. மாதிரி வேஃபர்கள் (சிப்புகளை உருவாக்கிய சிலிக்கான் தகடுகள்) திரும்பி வரச் சில மாதங்கள் ஆகும். அவை வந்த பிறகு நடப்பதுதான் சோதனை. அதற்கும் பிறகுதான் மொத்த உற்பத்தி, பலகையில் பொருத்துவது, இயந்திரமாக்குவது, கப்பலில் ஏற்றுவது எல்லாம்.

சோதனையில் சிப் நன்றாக வந்தாலும் தொழில் நிலைக்கும் என்ற உறுதி கிடையாது. இன்டெல் 2022 ஏப்ரலில் பிளாக்ஸ்கேல் என்ற மைனிங் சிப்பை அறிவித்தது. ஒரு டெராஹாஷுக்கு (லட்சம் கோடி ஹாஷுக்கு) ஆகும் ஆற்றல் 26 ஜூல் வரை குறையும் என்றார்கள். அந்த நேரத்துக்கு நல்ல எண்தான். 2023 ஏப்ரலில் அந்த வரிசையையே நிறுத்திவிட்டார்கள்.

படி 2: மூல அறிக்கையை எடுங்கள்

அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் எட்கர் தளம் இலவசம். நிறுவனத்தின் பெயரைப் போட்டால் அது தாக்கல் செய்த எல்லாம் வரும். வெளிநாட்டு நிறுவனங்கள் இடைக்கால அறிவிப்புகளை 6-கே என்ற படிவத்தில் போடுவார்கள். டெலிகிராம் குழுக்களில் வரும் ஸ்கிரீன்ஷாட்டை நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எண்ணை மட்டும் வெட்டிப் போடுவார்கள். அதற்குப் பக்கத்தில் இருந்த நிபந்தனை போய்விடும். அந்த நிபந்தனைதான் அடுத்த படி முழுக்க.

படி 3: சிப்பின் எண்ணை இயந்திரத்தின் எண்ணாக மாற்றுங்கள்

என்னை ரொம்ப நாள் இழுத்தடித்த படி இது. நிதானமாகப் படியுங்கள்.

அளவு என்னவோ எளிதுதான். ஜூல்/டெராஹாஷ்: ஒரு டெராஹாஷ் கணக்குப் போட எத்தனை ஜூல் ஆற்றல் செலவாகிறது என்பது. குறைந்தால் நல்லது. இயந்திரத்தின் வாட்டை, அது நொடிக்குப் போடும் டெராஹாஷால் வகுத்தாலே கிடைத்துவிடும். ஆண்ட்மைனர் எஸ்21 என்ற மைனிங் இயந்திரத்துக்கு 3500 வாட், 200 டெராஹாஷ், வகுத்தால் 17.5.

இப்போது பிட்டியரின் அறிவிப்புகளை எடுத்துக்கொள்வோம். 2024இல் அவர்களுடைய சீல்02 சிப் சோதனையில் 13.5 ஜூல்/டெராஹாஷ் காட்டியது. அந்தச் சிப்பை வைத்துச் செய்த சீல்மைனர் ஏ2 இயந்திரத்தின் விவரத்தாளில் இருப்பது 16.5. 2025இல் சீல்03 சிப் 9.7 காட்டியது. ஆனால் அதை வைத்து வந்த ஏ3 புரோ இயந்திரத்தில் 12.5.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. குறைந்த மின்னழுத்தத்தில், மிகுந்த மின்சிக்கன முறையில் ஓட்டியபோது கிடைத்த எண் என்று அறிவிப்பிலேயே எழுதியிருந்தார்கள். மோட்டார் சைக்கிள் விளம்பரத்தில் சொல்லும் மைலேஜும் பீஷான் சாலை நெரிசலில் கிடைக்கும் மைலேஜும் போலத்தான்.

ஏன் இவ்வளவு இடைவெளி? முதல் காரணம் மின்னழுத்தம். ஒரு ஹாஷுக்கு ஆகும் ஆற்றல், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். மின்னழுத்தத்தை 10 விழுக்காடு குறைத்தால் ஆற்றல் ஏறத்தாழ 19 விழுக்காடு குறையும், 0.9ஐ 0.9ஆல் பெருக்கினால் 0.81 (கசிவு மின்னோட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை). ஆனால் மின்னழுத்தம் குறைந்தால் சிப்பும் மெதுவாகத்தான் ஓடும். அதே 200 டெராஹாஷைப் பெறக் கூடுதல் சிப்புகளைப் பொருத்த வேண்டும், இயந்திரத்தின் அடக்கவிலை ஏறிவிடும். 3 நானோமீட்டர் வேஃபர் மலிவான பொருளல்ல. அதனால் விற்பனைக்கு வரும் இயந்திரத்தைக் கொஞ்சம் கூடுதல் மின்னழுத்தத்தில், வேகமாக ஓட்டும்படிதான் அமைப்பார்கள்.

இரண்டாவது, சிப்புக்கும் சுவரிலுள்ள பிளக்குக்கும் நடுவில் இருப்பவை. மாறுதிசை மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பவர் சப்ளையில் சில விழுக்காடு வெப்பமாகப் போகும். மின்விசிறிகளுக்கு, கட்டுப்பாட்டுப் பலகைக்கு என்று தனித்தனியாக மின்சாரம் வேண்டும். பலகையில் சிப்புகளைத் தொடராகக் கோத்திருப்பார்கள். அந்த வரிசையில் கொஞ்சம் பலவீனமான சிப் இருந்தால், அதுவும் ஒழுங்காக ஓடும் அளவுக்கு மின்னழுத்தத்தை வைத்தாக வேண்டும். சோதனை மேசையில் நல்ல சிப் ஒன்றைத் தனியாக ஓட்டும்போது இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது.

மேலே சொன்ன இரண்டு தலைமுறைகளிலும் விகிதத்தைப் பாருங்கள். 16.5ஐ 13.5ஆல் வகுத்தால் 1.22. 12.5ஐ 9.7ஆல் வகுத்தால் 1.29. நான் தாளில் 1.25 என்று போட்டுக்கொள்கிறேன். இது இயற்பியல் விதியல்ல, இரண்டு சிப்புகளிலிருந்து எடுத்த கைக்கணக்கு. ஏ2வுக்குப் பிறகு வந்த புரோ வகையில் எண் இன்னும் இறங்கியது. இருந்தாலும் அறிவிப்பு வந்த இரவில் சிப் எண்ணை அப்படியே நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆக, தாளின் முதல் இரண்டு கட்டங்கள் தயார்: சிப் எண், அதை 1.25ஆல் பெருக்கி வரும் இயந்திர எண்.

படி 4: அந்த எண்ணை மின்கட்டணமாக மாற்றுங்கள்

மூன்றாவது கட்டத்தில் ஹாஷ்பிரைஸ். ஒரு பெட்டாஹாஷ் (1000 டெராஹாஷ்) வேகத்துக்கு ஒரு நாளில் எத்தனை அமெரிக்க டாலர் கிடைக்கிறது என்பது. ஹாஷ்ரேட் இண்டெக்ஸ் தளத்தில் அன்றாட மதிப்பு இருக்கிறது. அதை 1000ஆல் வகுத்தால் ஒரு டெராஹாஷுக்கு எவ்வளவு என்று வரும். இங்கே உதாரணத்துக்கு 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டெராஹாஷுக்கு 5 அமெரிக்க சென்ட்.

நான்காவது கட்டம்: இயந்திர எண்ணை 0.024ஆல் பெருக்குங்கள். ஒரு டெராஹாஷ் வேகத்துக்கு ஒரு நாளில் ஆகும் கிலோவாட்மணி வரும். ஐந்தாவது: மூன்றாவதை நான்காவதால் வகுங்கள். ஒரு கிலோவாட்மணிக்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுத்தால் நட்டம் வராது என்ற வரம்பு கிடைக்கும்.

போட்டுப் பார்த்தால், 2020இல் வந்த எஸ்19 புரோ (29.5) 7.1 சென்ட் வரை தாங்கும். 16.5 உள்ள இயந்திரம் 12.6 சென்ட் வரை, 12.5 உள்ளது 16.7 சென்ட் வரை. சிங்கப்பூரில் வீட்டு மின்சாரம் பொருள் சேவை வரியோடு சேர்த்து கிலோவாட்மணிக்கு ஏறத்தாழ 30 சிங்கப்பூர் காசு. ஒரு அமெரிக்க டாலருக்கு 1.30 வெள்ளி என்று வைத்தால் 23 அமெரிக்க சென்ட். அதாவது சோதனை மேசையில் வந்த 9.7கூட (வரம்பு 21.5 சென்ட்) வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் நட்டம்தான். மைனிங் பண்ணைகள் டெக்சஸ், நார்வே, பூட்டான் என்று இருப்பதற்கு இதுவே காரணம்.

மைனிங் லாபம் காட்டும் தளங்களை நான் பயன்படுத்துவதில்லை. மின்கட்டணத்தைத் தாங்களாகவே ஏதோ ஒரு குறைந்த எண்ணாகப் போட்டுவிட்டு, லாபத்தைப் பச்சை நிறத்தில் காட்டுவார்கள். சாதாரண ஸ்பிரெட்ஷீட் போதும்; லிப்ரே ஆபிஸ் இருந்தால் இன்னும் நல்லது, இணையம் இல்லாமலும் திறக்கலாம்.

படி 5: ஹாஷ்பிரைஸை இறக்கிப் பாருங்கள்

புதிய சிப் செய்தியில் எனக்கு மிகவும் பயன்பட்ட இடம் இதுதான். மலிவான மின்சாரம் உள்ள பண்ணை, 5 சென்ட் என்று வையுங்கள். 16.5 இயந்திரத்தில் ஒரு டெராஹாஷுக்கு நாளொன்றுக்கு மின்செலவு 1.98 சென்ட், வரவு 5, மிச்சம் 3.02. அதே இடத்தில் 12.5 இயந்திரம் என்றால் மின்செலவு 1.5, மிச்சம் 3.5. மின்சிக்கனம் 24 விழுக்காடு கூடியும் மிச்சம் 16 விழுக்காடுதான் கூடியிருக்கிறது. பரபரப்பு காட்டிய அளவுக்கு இல்லை.

இப்போது ஹாஷ்பிரைஸைப் பாதியாக்குங்கள். வரவு 2.5. பழையதில் மிச்சம் 0.52, புதியதில் 1.0. கிட்டத்தட்ட இரட்டிப்பு! நல்ல சிப்பின் அருமை நல்ல காலத்தைவிடக் கெட்ட காலத்தில்தான் தெரியும். அதனால் சோதனை முடிவைப் படிக்கும்போது, இந்த நிறுவனம் கெட்ட காலத்திலும் இயந்திரத்தை அணைக்காமல் இருக்குமா என்றுதான் பார்க்கிறேன்.

ஹாஷ்பிரைஸ் பாதியாவது கற்பனையல்ல. 2024 ஏப்ரலில் ஹால்விங் (மைனிங் வெகுமதி பாதியாவது) நடந்து, பிளாக்குக்கு (பரிவர்த்தனைத் தொகுப்பு ஒன்றுக்கு) 6.25 பிட்காயின் என்பது 3.125 ஆனது. நாளுக்கு ஏறத்தாழ 144 பிளாக், ஆக 450 பிட்காயின். அடுத்த ஹால்விங் 2028இல் எதிர்பார்க்கப்படுகிறது. போதாக்குறைக்கு, எல்லோரும் புதிய சிப்பை மாட்டினால் வலைப்பின்னலின் வேகம் கூடும். 2016 பிளாக்குக்கு ஒருமுறை டிஃபிகல்ட்டி ஏறி, அதே 450 பிட்காயின் இன்னும் கூடுதல் ஹாஷுகளுக்குப் பங்காகிவிடும்.

படி 6: பங்கு வேறு, முன்பதிவு வேறு

"சிப் சோதனை முடியப்போகிறது, இப்போதே பணம் கட்டினால் முதல் தொகுதியில் இயந்திரம்" என்று யாராவது வந்தால் பட்டர்ஃபிளை லேப்ஸ் என்று தேடிப் படியுங்கள். முன்பணம் வாங்கிவிட்டு இயந்திரங்களைச் சொன்ன நேரத்தில் கொடுக்கவில்லை என்று அமெரிக்க வணிக ஆணையம் வழக்குத் தொடுத்து, 2014 செப்டம்பரில் நீதிமன்ற ஆணையோடு அந்த நிறுவனத்தின் செயல்பாட்டை நிறுத்தியது. இங்கே சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லை என்பதால் நம்பகமானது என்று ஆகிவிடாது.

பின்சேர்க்கை

கருத்துப் பெட்டியில் ஒரு தம்பி நல்ல கேள்வி கேட்டிருந்தார். பிட்டியர் சீல்04 சிப்புக்கு 5 ஜூல்/டெராஹாஷ் என்று இலக்கு வைத்திருக்கிறதே, தாளில் போட்டால் வரம்பு 33 அமெரிக்க சென்ட் வருகிறதே, அப்போது வீட்டிலேயே ஓட்டலாமா என்று. தாளில் சரியாகத்தான் போட்டிருக்கிறார். ஆனால் அந்த 50 டாலர் ஹாஷ்பிரைஸ் அதுவரை அசையாமல் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். படி 5ஐப் போட்டுப் பாதியாக்கினால் வரம்பு 16.7 சென்ட். அப்புறம் நம் வீட்டு 13 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட் என்றால் 3 கிலோவாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. எஸ்21க்கே 3.5 கிலோவாட் வேண்டும். சத்தத்தைக் கேட்டு அண்டை வீட்டார் கதவைத் தட்டுவது தனி.

இன்னொருவர் லைட்காயின், டோஜ்காயின் இயந்திரங்களுக்குத் தாள் அபத்தமான எண்ணைக் காட்டுகிறது என்று எழுதியிருந்தார். அவை ஸ்கிரிப்ட் என்ற வேறு முறையில் ஓடுபவை. அங்கே அளவு ஜூல்/மெகாஹாஷ். ஆண்ட்மைனர் எல்7 என்றால் 0.36. ஹாஷ்பிரைஸையும் ஒரு மெகாஹாஷுக்கு என்று மாற்றிப் போடுங்கள். 0.024ஐ மட்டும் தொட வேண்டாம்; அது 24 மணி நேரத்தை 1000ஆல் வகுத்தது, எந்த நாணயத்துக்கும் அதேதான். 1.25 பெருக்கத்தை இந்த இயந்திரங்களுக்குப் போடாதீர்கள். விவரத்தாளில் இருப்பது ஏற்கெனவே இயந்திர எண்.