கண்டுபிடிப்பில் தற்செயலையும் கட்டாயத்தையும் பிரித்தறிவது எப்படி?

குப்பம், வாணியம்பாடி, ஆலங்காயம் வட்டாரப் பள்ளிகளில் அறிவியல் மன்றம் நடத்தும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். கண்டுபிடிப்புகளைப் பற்றிச் சொல்லும்போது நாம் அவற்றை அதிர்ஷ்டத்தின் கதைகளாகவோ மேதைகளின் கதைகளாகவோ ஆக்கிவிடுகிறோம். அதிர்ஷ்டமும் மேதைமையும் பயிற்சியால் வருபவை அல்ல என்பதால், இந்த இரண்டு வகைக் கதைகளாலும் மாணவருக்குப் பயனில்லை. எது தற்செயலாக வந்தது, எது எப்படியும் வந்தே தீர்ந்திருக்கும் என்று பிரித்துப் பார்க்கப் பழகினால், தன் கையால் செய்யக்கூடியது எது என்று மாணவருக்குப் புலப்படும்.

முதலில், தேடியது என்ன, கிடைத்தது என்ன என்று இரண்டையும் தனித்தனியே எழுதச் செய்யுங்கள். இதற்கு நம் பக்கத்து எடுத்துக்காட்டே உள்ளது. 1977 மார்ச் 10ஆம் தேதி இரவு, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துக் கடக்கும் என்று கிரீனிச் வானியலாளர் கோர்டன் டெய்லர் 1973இலேயே கணித்திருந்தார். அந்த மறைப்பை அளந்து கோளின் விட்டத்தையும் வளிமண்டலத்தையும் அறிவதே தேடல். ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் 1 மீட்டர் தொலைநோக்கியுடன் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தனர், தெற்கு இந்தியப் பெருங்கடலுக்கு மேலே, தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் அமெரிக்க வானியலாளர் ஜேம்ஸ் எலியட்டின் குழு பறந்துகொண்டிருந்தது. கோள் மறைக்கும் முன்பே விண்மீனின் ஒளி சில கணங்கள் மங்கி மீண்டது. காவலூரில் பதிவான மங்கலுக்கு ஒரு புதிய துணைக்கோள் காரணமாக இருக்கலாம் என்று முதலில் கருதப்பட்டது. விமானத்தில் எடுத்த பதிவிலோ மறைப்புக்கு முன் ஐந்து மங்கல்களும் பின் ஐந்து மங்கல்களும் இருபுறமும் ஒத்த தொலைவில் அமைந்திருந்ததால், அவை கோளைச் சுற்றியுள்ள வளையங்கள் என்பது தெளிவாயிற்று.

இதில் தற்செயல் எங்கே இருந்தது? பலரும் தவறவிடும் இடம் இது. மறைப்பு நிகழும் நேரத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாததால்தான் எலியட்டின் குழு அரை மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே பதிவுக்கருவியை இயக்கியது. கணக்கு துல்லியமாக இருந்து, கடைசி நிமிடத்தில் இயக்கியிருந்தால், முதல் ஐந்து மங்கல்கள் பதிவாகியிருக்காது. ஆனால் அதே இரவில் காவலூரிலும் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் கருவிகள் இயங்கிக்கொண்டிருந்தன என்பதால், வளையங்கள் வெகுகாலம் அறியப்படாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே மாணவர் அடுத்து கேட்க வேண்டிய கேள்வி: இதை வேறு எவரேனும் தனித்துக் கண்டார்களா? 1868 ஆகஸ்ட் 18 அன்று ஆந்திரத்தின் குண்டூரில் முழுச் சூரிய கிரகணத்தை, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக்காட்டியால் பார்த்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென், சூரிய விளிம்பில் எழும் தீச்சுடர்களின் ஒளிக்கோடுகள் மிகப் பிரகாசமாக இருப்பதைக் கண்டு, கிரகணம் இல்லாமலே இவற்றைப் பார்க்கலாம் என்று எண்ணி, மறுநாளே பார்த்தும் விட்டார். இங்கிலாந்தில் வானியலாளர் லாக்யர், எந்தக் கிரகணத்துக்கும் போகாமல், அதே முறையை முன்பே எண்ணியிருந்து, தம் கருவி தாமதமாகக் கைக்கு வந்ததும் அக்டோபர் 20இல் அதைச் செய்து காட்டினார். 1859 முதல் ஜெர்மன் அறிவியலாளர்கள் கிர்க்காஃபும் புன்செனும் வகுத்த நிறமாலை ஆய்வு முறை இருவருக்கும் பொதுவாக இருந்தது. எனவே கருவியும் கேள்வியும் பிறந்த ஆண்டுகளைக் கண்டுபிடிப்பின் ஆண்டுக்கு முன்னால் எழுதச் செய்வது நல்லது. இடைவெளி குறுகியதாக இருந்தால் கட்டாயத்தின் பங்கு பெரிது என்று கொள்ளலாம்.

எல்லாக் கதைகளும் இப்படி அமைவதில்லை. 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பாக்டீரியா வளர்த்த தட்டில் பூஞ்சை விழுந்ததில் தற்செயலின் பங்கு உண்மையிலேயே பெரிது. ஆனால் அந்தப் பூஞ்சை சுரந்த பெனிசிலினை மருந்தாக்கியது ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரி, செயின் குழுவினரின் திட்டமிட்ட உழைப்பு.

இனி மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம். நிலவு ஒரு பிரகாசமான விண்மீனை மறைக்கும் இரவைப் வானியல் செயலியில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே பதிவைத் தொடங்கி, மறைப்பு முடிந்த பிறகும் சிறிது நேரம் தொடரச் சொல்லுங்கள். நோட்டின் இடப்பக்கத்தில் கண்டதும் நேரமும் மட்டும் இருக்கட்டும். அதற்கான விளக்கம் வலப்பக்கத்தில் இருக்கட்டும். விளக்கம் பின்னால் மாறலாம் என்பதற்குக் காவலூரின் துணைக்கோளே சான்று. பதிவு மாறக் கூடாது. பொருந்தாத எண்ணை அழிக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். குப்பத்தில் ஒரு குழுவும் ஆலங்காயத்தில் ஒரு குழுவும் ஒருவர் பதிவை ஒருவர் பாராமல் எழுதி, மறுநாள் ஒப்பிடட்டும். இரண்டு ஊர்களிலும் மறைப்பின் நேரம் சிறிது வேறுபடலாம். அது பிழையா, இடவேறுபாட்டால் வந்ததா என்று அவர்களே கணக்கிட்டு முடிவு செய்யட்டும்.