துப்பாக்கிக் கட்டைக்கு எண்ணெய்: நாலு சொட்டு போதும்

துப்பாக்கியின் வால்நட் மரக் கட்டைக்கு (தோளில் அணைக்கும் பகுதி) லின்சீட் ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய், பூச பிரஷ் வேண்டாம். நாலைந்து சொட்டை உள்ளங்கையில் விட்டு, மரம் சூடேறும்வரை தேயுங்கள். கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். அடுத்த பூச்சு மறுநாள்தான்.

இந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. தடிமனாகப் பூசினால் மேலே மட்டும் ஆடை கட்டி, அடியில் பிசுபிசுப்பு தங்கிவிடும். கடையில் ‘பாயில்டு’ (சீக்கிரம் காயும்படி பக்குவப்படுத்தியது) என்று கேட்டு வாங்குங்கள், பக்குவப்படுத்தாத எண்ணெய் காயப் பல நாள் இழுக்கும். (தேங்காய் எண்ணெய் காயவே காயாது!)

ஏற்கெனவே வார்னிஷோ பாலியூரித்தேனோ பூசிய கட்டையில் இது பலிக்காது, எண்ணெய் உள்ளே இறங்காது. அப்புறம், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே தீப்பிடிக்கலாம், வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.