நாபாவில் ஒரு நாள், இரண்டு ஒயினரி: முதல்முறை போகிறவர்களுக்கு

கலிபோர்னியாவுக்கு வந்த புதிதில் நாபா போனபோது, ஒரே நாளில் ஐந்து ஒயினரிகளுக்கு, அதாவது ஒயின் தயாரித்து அங்கேயே சுவைக்கத் தரும் இடங்களுக்கு, முன்பதிவு செய்திருந்தேன். அவ்வளவு தூரம் போகிறோமே என்ற ஆசைதான். மூன்றாவதில் உட்கார்ந்தபோதே நாக்கு மரத்துவிட்டது. நான்காவதுக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் உள்ளே விடவில்லை; கட்டிய பணமும் போச்சு. ஐந்தாவதில் என்ன குடித்தேன் என்று சத்தியமாக நினைவில்லை. பில் மட்டும் நினைவிருக்கிறது.

அதற்கப்புறம் மச்சான், கூட வேலை பார்ப்பவர்கள், சென்னையிலிருந்து வந்த சித்தி சித்தப்பா என்று பலரை அழைத்துக்கொண்டு போய்விட்டேன். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு இடம்தான். அந்த இரண்டையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் வரைபடம், அப்புறம் ஒயின்

நாபா பள்ளத்தாக்கு தெற்கு வடக்காகச் சுமார் 48 கிலோமீட்டர் நீளம். அகலம் அதிகபட்சம் 8 கிலோமீட்டர் இருக்கலாம். மேற்கு ஓரமாக நெடுஞ்சாலை 29, கிழக்கு ஓரமாக சில்வராடோ டிரெயில் என்று இரண்டு சாலைகள் ஏணியின் இரு கால்களைப் போல் ஓடுகின்றன. நடுவில் குறுக்குச் சாலைகள்தான் படிகள். தெற்கிலிருந்து போனால் நாபா நகரம், யான்ட்வில், ஓக்வில், ரதர்ஃபோர்ட், செயின்ட் ஹெலினா, கடைசியில் கலிஸ்டோகா.

வடக்கே போகப் போகக் குளிர் கூடும் என்றுதானே நினைப்போம்? இங்கே தலைகீழ். தெற்கு முனையில் சான் பாப்லோ விரிகுடா இருக்கிறது. அங்கிருந்து காலை மூடுபனியும் மாலைக் காற்றும் ஏறி வந்து தென்பகுதியைக் குளிர வைக்கின்றன. கலிஸ்டோகா வரை அந்தக் குளிர் எட்டுவதில்லை. ஜூலை மத்தியானம் அங்கே நம்மூர் வெயில்தான். அதனால் தெற்கே கார்னரோஸ் பக்கம் பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் திராட்சை, ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் திராட்சை, நுரை ஒயின்; நடுவிலும் வடக்கிலும் கேபர்னே சாவின்யோன் என்ற சிவப்பு ஒயின் திராட்சை. எந்தப் பக்கம் போகிறோம் என்று முடிவு செய்தாலே என்ன குடிக்கப்போகிறோம் என்பதில் பாதி முடிவாகிவிடும்.

ஆகவே ஏணியின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கார்னரோஸ், மத்தியானம் கலிஸ்டோகா என்று போட்டால் நான் பட்ட பாடுதான். சனிக்கிழமை மதியம் செயின்ட் ஹெலினா அருகில் 29ஆம் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். சில்வராடோ டிரெயில் எவ்வளவோ மேல்.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சோனோமா இன்னொரு நாளைக்கு. பரப்பு பெரிது, கட்டணம் பொதுவாகக் குறைவு, ஆட்களும் கொஞ்சம் சாவகாசம். பணம் பார்த்துச் செலவு செய்கிறவர்கள் நாபாவை விட்டுவிட்டு நேரே அங்கேயே போகலாம், தப்பே இல்லை.

படி 2: கூட வருவது யார்?

எல்லோரும் குடிப்பவர்கள் என்றால் இந்தப் படி தேவையில்லை. நம் குடும்பங்களில் அப்படி அமைவது அபூர்வம்.

குடிக்காதவர்கள் இருந்தால், குடிக்காமலும் பார்க்க ஏதாவது உள்ள இடமாக ஒன்றைப் போடுங்கள். கலிஸ்டோகா அருகே காஸ்டெல்லோ டி அமரோசா என்று 107 அறைகள் கொண்ட கோட்டை இருக்கிறது. அகழி, தொங்குபாலம், சித்திரவதை அறை எல்லாம் உண்டு. இத்தாலியின் இடைக்காலக் கோட்டைகளைப் பார்த்துக் கட்டி 2007இல் திறந்தது. எங்கள் சித்தப்பா சுவரைத் தட்டிப் பார்த்து, "செஞ்சிக்கோட்டைக்கு முன்னால இது நிக்குமாடா?" என்றார். ஆனாலும் அன்றைக்கு அதிகமாகப் படம் எடுத்தது அவர்தான். ஸ்டெர்லிங் என்ற ஒயினரியில் கம்பி வண்டியில் மலை ஏறலாம். நாபா நகரத்திலிருந்து செயின்ட் ஹெலினா வரை போய்த் திரும்பும் ஒயின் ரயிலும் உண்டு: நூறாண்டுப் பழைய பெட்டிகள், மூன்று மணி நேரம், உள்ளேயே சாப்பாடு. ஒயினுக்காக இல்லை, ஜன்னலுக்காகப் போகலாம்.

குடிப்பதற்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். குழந்தைகளையே உள்ளே விடாத இடங்கள் நிறைய இருப்பதால் முன்பதிவுக்கு முன் கேட்டுவிடுங்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கட்டும்.

சைவம் சாப்பிடுபவர்கள் உணவோடு சேர்ந்த டேஸ்டிங் (ஒயினைச் சுவைத்துப் பார்ப்பது) எடுத்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். போன பிறகு சொன்னால் ரொட்டியும் பாதாமும்தான் கிடைக்கும். இன்னொன்று: ஒயினைத் தெளிய வைக்கச் சிலர் முட்டை வெள்ளைக்கரு, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை போன்றவற்றைப் பயன்படுத்துவதுண்டு. அது உங்களுக்குப் பொருட்டு என்றால் தயங்காமல் கேளுங்கள், பதில் சொல்வார்கள்.

படி 3: டூர் ஒன்றே ஒன்று

டூர் என்றால் சுற்றிக் காட்டி, கடைசியில் ஊற்றித் தருவது. டேஸ்டிங் என்றால் உட்கார வைத்து நாலைந்து ஒயின் ஊற்றுவது, அவ்வளவுதான். முதல்முறை போகிறவர்கள் ஒரு டூர் போயே ஆக வேண்டும். இரண்டாவது டூர் வேண்டாம். எங்கே போனாலும் அதே எஃகுத் தொட்டி, அதே ஓக் பீப்பாய், அதே விளக்கம்.

அந்த ஒன்றை நல்லதாகப் பார்த்து எடுங்கள். என் தேர்வு கலிஸ்டோகா அருகிலுள்ள ஷ்ராம்ஸ்பெர்க். 1862இல் தொடங்கிய இடம். இப்போது நுரை ஒயினுக்குப் பேர்போனது. மலையைக் குடைந்த சுரங்கங்களுக்குள் அழைத்துப் போகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் சீனத் தொழிலாளர்கள் கைக்கருவிகளால் வெட்டியவை; சுவரில் அந்தத் தடங்கள் இன்னும் தெரிகின்றன. இரு பக்கமும் பாட்டில்களைக் கூரை வரை அடுக்கியிருப்பார்கள். இங்கே செய்யும் நுரை ஒயின் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும். ஈஸ்ட் கசடு அடியில் தங்கும். பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி அந்தக் கசடைக் கழுத்துக்குக் கொண்டுவருகிறார்கள். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் போனபோது சீனப் பிரதமர் சூ என்லாயோடு கோப்பை உயர்த்தியது இந்த இடத்து ஒயினால்தான். சீனர்கள் வெட்டிய குகையிலிருந்து சீனாவுக்கே போயிருக்கிறது. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே சில்லென்று இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரலாறு பிடிக்கும் என்றால் 1976 கதைக்குப் போகலாம். பாரிஸில் ஒயின் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், பிரெஞ்சு ஒயினையும் கலிபோர்னியா ஒயினையும் பிரெஞ்சு நடுவர்களுக்குப் பெயரை மறைத்து ஊற்றிக் கொடுத்தார். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ், வெள்ளையில் ஷாட்டோ மான்டெலீனா. இரண்டும் 1973ஆம் ஆண்டு ஒயின், இரண்டும் நாபா ஒயினரி, இரண்டும் முதலிடம். நாபாக்காரர்கள் இதைச் சொல்லி மாளாது. ஜெயித்த அந்த ஷார்டனேயின் திராட்சையில் பெரும்பகுதி சோனோமாவில் விளைந்தது என்பதைச் சோனோமாக்காரர்கள்தான் ஞாபகப்படுத்துவார்கள்.

படி 4: முன்பதிவு

போகிற வழியில் எட்டிப் பார்க்கலாம் என்ற கதை நாபாவில் பெரும்பாலும் நடக்காது. 1990இல் நாபா கவுன்டி (நம்மூர் மாவட்டம் போல) கொண்டுவந்த விதிப்படி, அதற்குப் பிறகு வந்த ஒயினரிகள் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே ஊற்ற முடியும். வார இறுதி என்றால் இரண்டு மூன்று வாரம் முன்பே பிடித்துவிடுங்கள். வார நாள் இன்னும் நல்லது. ஆனால் சிறிய இடங்கள் சில செவ்வாய், புதனில் மூடியிருக்கும்.

நேரம்: காலை 10:30, மத்தியானம் 2 மணி. ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஐந்து மணிக்கெல்லாம் ஊரே கடையைச் சாத்திவிடும்.

கட்டணம் தலைக்கு 40, 50 டாலரில் தொடங்கும்; பெயர்பெற்ற இடங்களில் 100ஐத் தாண்டும். 50 என்றே வைத்தாலும் இரண்டு பேர், இரண்டு இடம், 200 டாலர். அதற்கு மேல் டிப்ஸ். முன்பதிவின்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: பாட்டில் வாங்கினால் கட்டணத்தைக் கழிப்பீர்களா? ஒரு டேஸ்டிங்கை இருவர் பகிர்ந்துகொள்ளலாமா?

முகவரியையும் சரிபாருங்கள். ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ் வேறு, ஸ்டாக்ஸ் லீப் ஒயினரி வேறு. இரண்டும் அக்கம்பக்கம், ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஸ்டாக்ஸ் லீப்’ என்பதில் மேற்குறி நிற்கும் இடத்தில் மட்டும்தான் வித்தியாசம். இதற்காகக் கோர்ட் வரைக்கும் போயிருக்கிறார்கள்.

படி 5: வண்டி ஓட்டுவது யார்?

ஒரு கணக்கு. ஒரு டேஸ்டிங்கில் ஐந்து ஒயின், ஒவ்வொன்றும் 60 மில்லி என்றால் 300 மில்லி. அமெரிக்கக் கணக்கில் 150 மில்லி ஒயின் ஒரு டிரிங்க். அப்படியானால் ஒரே இடத்தில் இரண்டு, இரண்டு இடத்தில் நான்கு. ரத்தத்தில் 0.08 சதவீதம் வந்தால் குற்றம், விசா நிலையில் இருப்பவர்களுக்குத் தலைவலி இன்னும் பெரிது. குடிக்காத ஒருவரைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். அவருக்கு மத்தியானச் சாப்பாடு உங்கள் செலவு. அப்படி யாரும் இல்லையென்றால் உங்கள் காரையே ஓட்டித் தரும் ஓட்டுநரை மணிக்கணக்கில் அமர்த்தலாம். ஊபரை நம்பி வடக்குப் பக்கம் போகாதீர்கள். கொண்டுபோய் விடுவார்கள், திரும்பக் கூட்டிவரத்தான் ஆள் கிடைக்காது.

சாப்பாட்டுக்கு நாங்கள் செயின்ட் ஹெலினாவுக்கும் கலிஸ்டோகாவுக்கும் நடுவிலிருக்கும் போத்தி மாநிலப் பூங்காவில் உட்கார்ந்துவிடுவோம். பல ஒயினரிகளில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. தயிர்சாதம் சரி. ஊறுகாயை மட்டும் அன்றைக்கு மறந்துவிடுங்கள். அதைத் தொட்டுக்கொண்டால் மத்தியான ஒயின் வெறும் புளிப்பாகத்தான் தெரியும்.

படி 6: மேசையில்

சென்ட் அடிக்காமல் போங்கள், தலையில் மல்லிகைப்பூவும் வேண்டாம். பக்கத்து மேசைக்காரருக்கும் அதே வாசனைதான் வரும்.

கோப்பையைத் தண்டில் பிடித்து, மேசையில் வைத்தபடியே இரண்டு சுற்றுச் சுற்றி, மூக்கை உள்ளே விடுங்கள். அப்புறம் சின்ன மிடறு, வாய் முழுக்கப் புரள விட்டு விழுங்குங்கள். ஊற்றுபவர் டானின் டானின் என்பார். பயப்பட வேண்டாம்.  நமக்கு அறுசுவையில் ஒன்றாகவே தெரியும்: துவர்ப்பு. கேபர்னே விழுங்கிய பிறகு ஈறு இழுத்துப் பிடிப்பது வாழைப்பூவும் கொட்டைப்பாக்கும் செய்கிற அதே வேலை. சித்தி முதல் மிடறிலேயே, "கடுக்காய்த் தண்ணி மாதிரி இருக்கு" என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன், ஊற்றிய பெண் அதைக் குறித்துக்கொண்டார்.

மேசையில் ஒரு சின்ன வாளி இருக்கும். பிடிக்காததை அதில் ஊற்றலாம், துப்பவும் செய்யலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

படி 7: வாங்கும்போது

கடைசிக் கோப்பையோடு ஒயின் கிளப் படிவமும் வரும். சேர்ந்தால் இன்றைய கட்டணம் இல்லை என்பார்கள். அப்புறம் வருஷத்துக்குச் சில முறை பெட்டி வீட்டுக்கு வரும், பணம் கார்டிலிருந்து தானாகப் போகும். குடித்திருக்கும்போது கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்தாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

திறந்த பாட்டிலைக் காருக்குள் வைப்பது கலிபோர்னியாவில் சட்டப்படி தப்பு, டிக்கியில்தான் வைக்க வேண்டும். கோடையில் மூடிய பாட்டிலையும் காரில் நெடுநேரம் விடாதீர்கள், வெந்துவிடும்.

ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு: இந்தியாவில் ஒருவர் வரியில்லாமல் 2 லிட்டர் மது கொண்டுவரலாம். ஒரு பாட்டில் 750 மில்லி, ஆகவே இரண்டு. துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். எங்கள் வீட்டில் யார் வந்தாலும் மூன்று வாங்குவார்கள். அந்த மூன்றாவது, விமானத்துக்கு முந்தின ராத்திரி பெட்டி கட்டும்போதே தீர்ந்துவிடும்.