ட்ராக் சைக்கிளை வன்னி றோட்டில் இறக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ட்ராக் சைக்கிளுக்கு, மிதிக்காதபோதும் சில்லை உருளவிடும் பிறீவீல் கிடையாது. பின்சில்லு சுற்றும்வரை பெடலும் சுற்றும். காலைச் சும்மா வைத்துக்கொண்டு உருள முடியாது. 250 மீற்றர் சுற்றளவும் வளைவில் 40 பாகைக்கு மேல் சரிவும் கொண்ட பலகைப் பந்தயத் தளத்தில், எல்லோரும் ஒரே திசையில் ஓடுவதற்காகச் செய்த சைக்கிள் அது. அங்கே குறுக்கே மாடு வராது, லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) திடீரெனத் திரும்பாது. அதனால் பிறேக்கும் வைக்கவில்லை. அதையே வட இலங்கையில் எங்கள் வன்னியின் பரந்தன் சந்திக்குக் கொண்டுவந்தால், வைக்காமல் விட்டதையெல்லாம் நாங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். மலிவான ஸ்டீல் பிறேம் வாங்குகிறவர்கள் பிழை விடுவதும் இங்கேதான். நிறத்துக்கும் றிம்முக்கும் காசைக் கொடுத்துவிட்டு, உயிரைத் தாங்கும் இரண்டு இடத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள். ஒன்று பின் ஹப் (பின்சில்லின் நடுக் குடம்), மற்றது முன் பிறேக்.

பிறேம் ஸ்டீல் என்பதில் குறை எதுவும் இல்லை. ஹை-டென் என்ற மலிவான ஸ்டீலில் செய்த முழுச் சைக்கிள் 11 முதல் 13 கிலோ வரை வரும். மேடே இல்லாத வன்னியில் அதனால் கூடுகிற ஒன்றிரண்டு கிலோ ஒரு பொருட்டல்ல. குரோமோலி (பாரம் குறைந்த கலப்பு ஸ்டீல்) என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். மலிவு சைக்கிள்களில் பெரும்பாலும் ஒன்றிரண்டு குழாய்தான் குரோமோலி, மிச்சமெல்லாம் ஹை-டென்.

பின் ஹப்

வாங்கப் போனால் முதலில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பின் ஹப்பைப் பாருங்கள். சரியான ட்ராக் ஹப்பில் புரி இரண்டு படியாக இருக்கும். உள்ளே இருப்பது பெரிய படி. செயின் ஓடும் பற்சில்லு வழக்கம்போல வலப்பக்கம் திருகி அதில் ஏறும். வெளியே இருப்பது கொஞ்சம் ஒடுங்கிய படி. அதற்குப் புரி எதிர்ப்பக்கம், பூட்டு வளையம் இடப்பக்கம் திருகி இறுகும். ஓடும்போது பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் பற்சில்லு கழலப் பார்க்கும். ஆனால் அது கழலப் பார்க்கிற திசையும் வளையம் இறுகுகிற திசையும் ஒன்று. எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவுக்குப் பூட்டு இறுகும்.

ஒரே படிதான் தெரிகிறதென்றால் அது சாதாரண பிறீவீல் ஹப். பற்சில்லு அதிலும் ஏறும், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே புரி. அதில் பற்சில்லை ஏற்றி, மேலே பெடல் அச்சுக் கிண்ணத்தின் வளையத்தை இறுக்கி, பசையும் பூசி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வளையமும் வலப்பக்கப் புரிதான். கால் பின்னுக்கு அழுத்தும்போது இரண்டும் சேர்ந்தே கழலும். நிறுத்த வேண்டிய அதே நொடியில் பெடல் சும்மா பின்னுக்குச் சுற்றும்.

இதைவிட மோசம் பிறீவீலை வெல்ட் பண்ணிப் பூட்டுவது. வெல்டிங் கடையில் பத்து நிமிட வேலை, செலவும் இல்லை. ஆனால் எதிர்ப்பக்கப் பூட்டு அதற்கும் இல்லை. போதாததற்கு, வெல்ட் சூட்டில் பல்லின் கடினம் போய்விடும், உள்ளே இருக்கிற போல்ஸும் (இரும்பு உருண்டைகளும்) கருகும். பழைய சைக்கிளை மாற்றியெடுக்க ஆசைப்பட்டால், ட்ராக் ஹப் போட்டுக் கட்டிய பின்சில்லு ஒன்றை வாங்குங்கள். அச்சில் பிறேமுக்கு உட்பக்கம் இருக்கிற நட் இரண்டின் வெளிவிளிம்புக்கும் இடைப்பட்ட அளவு ட்ராக் ஹப்பில் 120 மி.மீ. பிறேமில் பின்சில்லு பூட்டும் இடைவெளி அதற்கு இடம் கொடுக்குமா என்று வாங்குமுன் அளந்து பாருங்கள்.

புதுச் சைக்கிளிலும் பற்சில்லைக் கையால் திருகிவிட்டு அனுப்பியிருப்பார்கள். கழற்றிப் புரியைத் துடைத்து, மெல்லிசாகக் கிறீஸ் பூசி, திரும்பவும் ஏற்றுங்கள். இறுக்குவதற்குச் செயின் சாவி வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் ஓரடி நீளத் தட்டு இரும்பில் இரண்டு துளை போட்டு, பழைய செயின் துண்டு இரண்டை ஆணியடித்துக்கொள்ளலாம். உடம்புப் பாரத்தைப் போட்டு இறுக்குங்கள். பிறகு பூட்டு வளையத்தைக் கொக்கிச் சாவியால் இறுக்குங்கள். உளியும் சுத்தியலும் வேண்டாம், வளையத்தின் காதுகள் உடையும். அதன்பிறகு இரண்டு மூன்று கிலோமீற்றர், பின்னுக்கு அழுத்தாமல், முன்னுக்கு மட்டும் உன்னி மிதியுங்கள். பற்சில்லு இன்னும் ஒரு மயிரிழை இறுகியிருக்கும், வளையம் அந்த அளவுக்கு இளகியிருக்கும். திரும்ப இறுக்கினால்தான் வேலை முடியும்.

முன் பிறேக் இல்லாமல் ஓடுவது

காலாலேயே நிறுத்தலாம் என்று சொல்வார்கள். நிறுத்தலாம்தான், கேள்வி எத்தனை மீற்றரில் என்பது. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகமென்றால் நொடிக்கு 7 மீற்றர். நல்ல முன் பிறேக் காய்ந்த றோட்டில் அந்த வேகத்தை 5 மீற்றர் அளவில் பிடித்து நிறுத்தும். பின்சில்லை மட்டும் இழுத்தால் 10 மீற்றருக்குக் குறையாது. வேகம் குறையும்போது பாரம் முன்சில்லுப் பக்கம் சாய்ந்துவிடும். பாரம் குறைந்த பின்சில்லுக்குப் பிடிமானம் எங்கிருந்து வரும்? பொழுதுபட மாடுகள் பட்டிக்குத் திரும்புகிற நேரம் ஏ9 நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு அந்த 5 மீற்றர் வித்தியாசம் என்னவென்று விளங்கும்.

முன்சில்லைப் பிடிக்கும் போர்க்கின் உச்சியில் பிறேக் ஆணிக்குத் துளை இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். யப்பானில் கெய்ரின் என்ற ட்ராக் சைக்கிள் பந்தயம் 1948இல் கொக்குரா நகரில் தொடங்கியது. ஆண்களின் வழக்கமான கெய்ரினுக்கு இன்றும் ஸ்டீல் பிறேம்தான். அப்படிப் பந்தயத்துக்கென்றே செய்த பிறேமின் போர்க்கில் பெரும்பாலும் துளை இருக்காது. அழகில் மயங்கி வாங்கிவிட்டு லேத் பட்டறையில் துளைக்கக் கொடுக்காதீர்கள். துளையோடு வரும் வேறு போர்க்கைப் போடுங்கள்.

இன்னொன்று: றிம்மின் பக்கச் சுவருக்கும் சேர்த்து நிறம் பூசியிருந்தால் பிறேக் கட்டை வழுக்கும். நிறம் வழித்து எடுபடும்வரை, மழையில் அது பிறேக்கே அல்ல. முன் றிம்மாவது பக்கச் சுவர் கடைந்த அலுமினியமாக இருக்கட்டும். குரோம் பூசிய இரும்பு றிம் மாரியில் அதைவிட மோசம், முல்லைத்தீவுக் கரையில் உப்புக் காற்றும் சேர்ந்து அரித்துவிடும்.

கடையில் கிடைக்காத ரயர்

எங்களூர்ப் பெரிய சைக்கிளின் சில்லும் 28, ட்ராக் சைக்கிளின் சில்லும் 28 என்று சொல்லக் கேட்டு ஏமாறுகிறவர்கள் பலர். பெரிய சைக்கிளின் 28 x 1½ ரயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. ட்ராக் சைக்கிளின் 700சி ரயருக்கு அது 622 மி.மீ. பதின்மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம். ஒன்று மற்றதற்கு ஒருநாளும் பொருந்தாது. ரயரின் பக்கத்தில் 28-622 என்பதுபோல் அச்சடித்திருக்கும், பின்னால் வரும் இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். கிளிநொச்சியையோ வவுனியாவையோ தாண்டி உள்ளே போகிறீர்களென்றால் ஒரு ரயரும் இரண்டு ரியூப்பும் வீட்டில் வாங்கி வையுங்கள்.

றிம் ஆழமாக இருந்தால் ரியூப்பின் வால்வும் 60 அல்லது 80 மி.மீ நீளம் வேண்டும். அது ஒட்டுப் போடுகிற கடையில் கிடைக்காது. அதனால்தான் ஆழமில்லாத சாதாரண றிம்மை நாங்கள் விரும்புகிறோம். மெல்லிய பிரெஸ்டா வால்வென்றால், மோட்டார்சைக்கிள் பம்பிலும் காத்தடிக்க உதவும் பித்தளை மூடி ஒன்றை வால்விலேயே பூட்டி வைத்துவிடுங்கள்.

23 மி.மீ ரயரோடு வருகிற சைக்கிள் காப்பெற் றோட்டில் பறக்கும். கிறவல் ஒழுங்கையில் இறங்கியதும் றிம்மில் குத்தி ரியூப்பில் பாம்பு கடித்ததுபோல இரட்டை ஓட்டை விழும். குறைந்தது 28 போடுங்கள், பிறேம் இடம் கொடுத்தால் 32. ரயருக்கும் பிறேமுக்கும் இடையில் எல்லாப் பக்கமும் 4 மி.மீ இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயற்சேறு அடைத்துச் சில்லே சுற்றாது. 70 கிலோ ஆளுக்கு 28 ரயரில் முன்னுக்கு 70, பின்னுக்கு 80 பிஎஸ்ஐ போதும். நெருஞ்சி முள்ளுக்கு மருந்து கூடுதல் காத்து அல்ல. தடித்த அடி உள்ள ரயரும், ஓடி முடித்ததும் விரலால் தடவிப் பார்க்கும் பழக்கமுந்தான்.

பல்லுக் கணக்கும் சோழகமும்

வன்னியில் மேடு இல்லை, ஆகவே பெரிய பல்லுப் போடலாம் என்று முன்னுக்கு 48 பல்லும் பின்னுக்கு 16 பல்லும், அதாவது 48க்கு 16 போடுகிறார்கள். எங்களுக்குக் காற்றுத்தான் மேடு. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை சோழகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏறக்குறைய 50 கிலோமீற்றரும் பின்பக்கமிருந்து சாய்வாகத் தள்ளும், திரும்பி வரும்போது முன்பக்கமிருந்து சாய்வாக அறையும். மாரியில் வாடைக் காற்றுக்கு இது தலைகீழ். கியர் மாற்ற முடியாத சைக்கிளில் இரண்டுக்கும் ஒரே பல்லுத்தான்.

48க்கு 16 என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 6.4 மீற்றர் போகும். எதிர்காற்றில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே மணிக்கு 23 கிலோமீற்றர். அந்த வேகத்தைப் பிடிக்க முடியாமல் கால் சுற்று இன்னும் குறையும், முழங்கால் நோகும். 44க்கு 17 என்றால் ஒரு சுற்றுக்கு 5.5 மீற்றர். எதிர்காற்றில் 60 சுற்றுக்கு 20 கிலோமீற்றர், காற்றில்லாதபோது 80 சுற்றுக்கு 26. காற்றுத் தள்ளி 35க்குப் போனாலும் கால் 106 சுற்றுத்தான் சுற்ற வேண்டும், கொஞ்சம் பழகியவருக்கு அது முடியும். ரொம்பச் சின்னப் பல்லும் பிழைதான். 42க்கு 18இல் அதே 35க்கு 117 சுற்று வரும், ஆள் சீற்றில் துள்ளுவார்.

பெடலைச் சுற்றவிடாமல் பிடித்துப் பின்சில்லை றோட்டில் இழுத்து நிறுத்துகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 48ஐ 16 மீதியின்றிப் பிரிக்கும். ஆகவே ஒரே காலை முன்வைத்து இழுக்கும்போதெல்லாம் ரயரின் ஒரே இடம்தான் தேயும், சீக்கிரம் நூல் தெரியும். 44க்கு 17இல் அந்தத் தேய்வு 17 இடத்துக்குப் பிரிந்துவிடும்.

செயின்

இதில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. பெரிய சைக்கிளுக்கு விற்கிற 1/8 அங்குலச் செயினே ட்ராக் பற்சில்லுக்கும் சரி. எந்தச் சந்திக் கடையிலும் கிடைக்கும். பூட்டுக் கண்ணியின் கிளிப்பில் மூடிய பக்கம் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்.

செயினை விறைப்பாக இழுத்துக் கட்டுவதும் பிழை, தொங்க விடுவதும் பிழை. விறைத்தால் போல்ஸ் தேயும். தொங்கினால் செயின் பல்லை விட்டு இறங்கிப் பின்சில்லைப் பூட்டிவிடும், அல்லது காலால் பிடிக்கிற பிறேக்கே இல்லாமல் போகும். நடுவில் விரலால் அழுத்தினால் மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட வேண்டும். முன் பற்சில்லு சரியான வட்டமாக இராது. பெடலைக் கால் கால் சுற்றாகச் சுற்றி, எங்கே அதிக இறுக்கமோ அங்கே அந்த அரை அங்குலத்தை வையுங்கள். தேங்காயெண்ணெய் போடாதீர்கள், பிசுபிசுத்து மண்ணைப் பிடிக்கும். கழித்துவிட்ட எஞ்சின் ஒயிலில் இரும்புத் தூள் கிடக்கும். புது எஞ்சின் ஒயில் கண்ணிக்கு ஒரு துளி, பிறகு வெளியே ஒட்டியதைத் துடைத்துவிட்டால் போதும்.

துடைக்கும்போது சில்லைச் சுற்றவிட்டுத் துணியைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். பிறீவீல் இருந்தால் விரல் மாட்டியதும் செயின் நிற்கும். இதில் சில்லின் வேகம் முழுவதும் விரலைப் பல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும், நுனி துண்டாகும். சில்லை நிறுத்தி, கையளவு நீளத்தைத் துடைத்து, பெடலைக் கையால் நகர்த்தி, அடுத்த துண்டைத் துடையுங்கள். சாறத்தோடும் முந்தானையோடும் இந்தச் சைக்கிளில் ஏறக்கூடாது என்பதற்கும் இதே காரணந்தான். துணி மாட்டினால் மிதிப்பதை நிறுத்தித் தப்ப முடியாது. லோங்ஸின் வலக்காலை மடித்துக் கட்டுங்கள், சப்பாத்துக் கயிற்று நுனியை உள்ளே செருகுங்கள்.

ஓடும்போது

பாதத்தைப் பெடலோடு பிடிக்க வார் கட்டாயம் வேண்டும். வேகமாகச் சுற்றுகிற பெடலிலிருந்து செருப்புக் கால் நழுவினால், அடுத்த சுற்றில் பெடல் கணுக்காலில் அடிக்கும். ஏறுவதையும் இறங்குவதையும் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு வாரம் பழகிவிட்டே றோட்டுக்கு வாருங்கள்.

மெதுவாகத் திரும்பும்போது சப்பாத்து நுனி முன்சில்லில் முட்டும். ட்ராக் பிறேமில் முன்சில்லு கிட்ட இருப்பதால் இது சாதாரணம். மற்றச் சைக்கிளில் காலை நிறுத்தி வைத்துத் தப்பலாம், இதில் கால் நிற்காது. பெடல் தண்டு 165 மி.மீக்கு மேல் வேண்டாம். வளைவில் பெடல் நிலத்தில் இடிப்பதும் அதனால் குறையும்.

அறுவடைக் காலத்தில் றோட்டோரம் நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன்மேல் முன் பிறேக்கைத் தொட்டால் விழுவது நிச்சயம், நெல்லும் பாழ். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து விலகுங்கள். தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடவுங்கள். சாய்வாகப் போனால் 28 மி.மீ ரயர் பள்ளத்துக்குள் இறங்கிவிடும்.

பின்சில்லு நட் இரண்டுக்கும் 15 மி.மீ சாவி எப்போதும் கூடவே இருக்கட்டும். உள்ளூர் நட் அளவில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் புரி வேறு, தொலைத்துவிட்டால் வழியில் கிடைக்காது. செயின் இழுக்கிற வலப்பக்கம் சில்லு முன்னுக்கு நழுவித்தான் முதலில் இளகும். ஏ9இல் போகிறவர்கள் எப்படியும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்பார்கள். கச்சான் வாங்குமுன் இரண்டு நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்து, செயினை விரலால் அழுத்தி, பூட்டு வளையத்தையும் தொட்டுப் பாருங்கள்.