டெல்டாவில் அடீனியம்: வெயிலுக்கு அல்ல, மழைக்குப் பயப்படுங்கள்

ஆப்பிரிக்கா, அரேபியாவின் வறண்ட நிலத்துச் செடி அடீனியம். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இது வெயிலில் சாவதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அடித்தண்டு அழுகித்தான் சாகிறது. நம் களிமண் இதற்கு ஆகவே ஆகாது. ஆற்று மணலும் செங்கல் ஜல்லியும் சேர்த்து முக்கால் பங்கு, மட்கிய எரு கால் பங்கு, அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி, போதும். மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். மழைக்காலத்தில் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுங்கள். இலை கொட்டினால் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

குச்சியும் வேர்விடும், வெட்டுவாய் சில நாள் காய்ந்தபின் நட்டால். ஆனால் அந்தப் பருத்த அடித்தண்டு அவ்வளவாக வராது; அது இல்லாமல் என்ன அடீனியம்? அதனால் விதைதான் என் கட்சி. ஆட்டுக்கொம்பு மாதிரி இரட்டையாக வரும் காயை, முற்றியதும் நூலால் சுற்றிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் வெடித்து, இரு முனையிலும் பஞ்சுக் குஞ்சம் வைத்த விதைகள் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விடும். புது விதையை ஈர மணலில் படுக்கவைத்து லேசாக மூடினால் ஒரு வாரம் போல முளைக்கும். அப்புறம், ஒடித்தால் வடியும் பால் விஷம். ஆடு, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.